வாசகர் கேள்வி – பதில்: புத்தகத்தைத் தொடாத மகன்

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை நன்றாகப் படித்த என் மகன், இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டில் (இரண்டாம் ஆண்டில்) புத்தகத்தையே தொடுவதில்லை, எந்நேரமும் மோட்டார் சைக்கிளைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். தேறினால் கைப்பேசி வாங்கித் தருவதாகச் சொல்லியும் அசையவில்லை.
– ஒரு தாய், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அம்மா, ஆறு ஆண்டுகள் தமிழில் கணக்குப் படித்த பிள்ளைக்கு, 'பின்னம்' என்று நன்கறிந்ததே இடைநிலைப்பள்ளியில் 'பெச்சாஹான்' என்று மலாய்ப் பெயரில் வந்து மிரட்டுகிறது. புரியவில்லை என்று வகுப்பின் முன்னால் ஒப்புக்கொள்வதைவிடச் சோம்பேறி என்று பெயரெடுப்பது அவனுக்கு எளிது.

கைப்பேசிப் பேரத்தை விட்டுவிடுங்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வரைவதை விரும்பிய பாலர்களுக்குச் சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரையச் செய்தபின், அவர்கள் தாமாக வரைவது குறைந்துபோனது. (பெரியவர்களாகிய நாமும் அப்படித்தான்.)

அவனுடைய ஐந்தாம் ஆண்டுக் கணக்குப் புத்தகத்தை எடுத்து, அவனால் போட முடிந்த கணக்கிலிருந்தே நாள்தோறும் கால் மணி நேரம் தொடங்குங்கள். இரு மொழிச் சொற்களையும் ஒரு குறிப்பேட்டில் அவனே அருகருகே எழுதட்டும். மோட்டாரைப் பழிக்காதீர்கள், படிவம் மூன்றுக்குப் பின் தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை அவனிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளிகளை மட்டும் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்.