ஓவனில் தப்பிய 14 டிரைவர்களையும் கணக்கில் சேருங்கள்

வணக்கம் சார். 20 எல்இடி டிரைவர்களை (எல்இடி விளக்குக்கு மின்சாரத்தைச் சீராகக் கொடுக்கும் சர்க்யூட்) 105 டிகிரி ஓவனில் 1000 மணி நேரம் ஓட்டி, செத்துப்போன 6 பீஸின் சராசரியை வைத்து சேலம் வெயிலில் எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தச் சராசரியை விட்டுவிடுங்கள். இன்னும் ஓடும் 14-ம் தகவல்தான். '1000 மணி நேரம் தாண்டியது' என்று குறித்து, 20-ஐயும் சேர்த்து வெய்புல் பரவலில் (பொருள்கள் எப்போது பழுதாகும் என்பதைக் கணிக்கும் புள்ளியியல் வளைவு) பொருத்துங்கள். இல்லையென்றால் ஆயுள் குறைவாகத்தான் வரும்.

பெரிய சிக்கல் வேறு. ஒரே வெப்பநிலையை வைத்து அர்ரீனியஸ் கணக்கு (சூடு கூடினால் பழுது எவ்வளவு வேகமாக வரும் என்ற கணக்கு) போட முடியாது. சேலம் வெயிலில் டிரைவர் இருக்கும் பெட்டிக்குள் 55 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கிளர்வு ஆற்றல் (பழுது சூட்டுக்கு எவ்வளவு மசியும் என்பதைக் காட்டும் எண்) 0.5 எலக்ட்ரான் வோல்ட் என்றால் முடுக்கக் காரணி, அதாவது ஓவனில் பழுது எத்தனை மடங்கு வேகமாக வரும் என்பது, சுமார் 10; 0.7 என்றால் 26, 0.9 என்றால் 67. ஊகித்த எண்ணை நம்பி வாரன்டி கார்டு அச்சடித்துவிடாதீர்கள், தயவுசெய்து. 85, 95 டிகிரியிலும் ஓட்டுங்கள். 85-இல் பழுது மெதுவாக வரும் என்பதால் அங்கே அதிகப் பீஸ் வையுங்கள். அப்புறம், செத்ததைப் பிரித்துப் பாருங்கள். கெபாசிட்டர் உப்பியதையும் சால்டர் விரிசலையும் ஒரே கணக்கில் போடக் கூடாது.

ஏற்காட்டுக்கும் அனுப்பப்போவதாகச் சொல்கிறீர்கள். அங்கே சூடு குறைவு, பனிமூட்டத்தின் ஈரம் அதிகம். அர்ரீனியஸ் சமன்பாட்டில் ஈரத்துக்கு இடமே இல்லை. அதற்கு, ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் பெக் மாதிரியும், 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதத்தில் தனிச் சோதனையும் வேண்டும்.