கடவுளிடம் சண்டை போட்டால் பொறுமை இல்லை என்று ஆகிவிடுமா?

கேள்வி: பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சில ராத்திரி தாங்க முடியாமல் கடவுளிடம் சண்டை போட்டு அழுகிறேன். சபையில் "யோபு மாதிரி பொறுமையா இரும்மா" என்கிறார்கள். கிறிஸ்தவ விசுவாசம் சொல்கிற பொறுமை எனக்கு இல்லையா?

பதில்:

இருக்கிறது சகோதரி. ராத்திரி அழுதுவிட்டு, காலையில் எழுந்து அம்மாவைத் துடைத்துவிட்டுத் துணி மாற்றுகிறீர்களே, அந்தப் பொறுமையைத்தான் வேதம் சொல்கிறது.

பிள்ளைகள், சொத்து, உடல்நலம் எல்லாவற்றையும் இழந்த யோபுவை உதாரணம் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் வேதத்திலுள்ள யோபு புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற வசனம் அடக்க ஆராதனையில் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்தப் புத்தகத்தில் 42 அதிகாரம் இருக்கிறது. 3-ஆம் அதிகாரத்தில் யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறார். 7-ஆம் அதிகாரத்தில், எச்சில் விழுங்குகிற நேரமாவது என்னை விடமாட்டீரா என்று கேட்கிறார். 10-ஆம் அதிகாரத்தில், எதற்காக என்னோடு வழக்காடுகிறீர், சொல்லும் என்கிறார். எல்லாம் கடவுளிடம் நேருக்கு நேர்.

எதிரே உட்கார்ந்திருந்த நண்பர்கள் கடவுளுக்கு வக்காலத்து வாங்கினார்கள். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், பணிந்து போ என்றார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுளுக்குக் கோபம் மூண்டது அவர்கள்மேல்தான். என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக் குறித்து சரியானதைப் பேசவில்லை என்று அவர்களில் ஒருவரான எலிப்பாசிடம் சொல்கிறார். இவர்களுக்காக யோபு ஜெபம் பண்ண வேண்டியதாயிற்று.

இவ்வளவு பேசிய மனிதரைத்தான் யாக்கோபு தன் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் பொறுமைக்கு உதாரணமாக எழுதுகிறார். தேவனைத் தூஷித்து ஜீவனை விடும் என்று மனைவியே சொன்னபோதும் யோபு கடவுளை விட்டுப் போகவில்லை. கோபம் வந்தாலும் அவரிடமே போனார், வழக்கு பேசவும் அவரிடமே போனார். நண்பர்கள் கடவுளைப் பற்றி அத்தனை பேசினார்களே, ஒரு தடவையாவது அவரை நோக்கிப் பேசினார்களா, தேடிப் பாருங்கள்.

நான் இதைப் புரிந்துகொண்டது என் அம்மாவைப் பார்த்து. அப்பாவும் பக்கவாதத்தில் விழுந்து கிடந்தவர்தான். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். முதுகைத் துடைத்து, ஈரம் போக விசிறி, விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட வேண்டும். சின்ன மடிப்பு போதும், தோல் சிவந்துவிடும். ராத்திரி கஞ்சியை வடிகட்டிக்கொண்டே அம்மா அடுப்படியில் சத்தமாகக் கேட்பாள், "ஏசப்பா, உமக்குக் கண்ணு தெரியலையா? இன்னும் எத்தனை நாளைக்கு?" கேட்டுவிட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் அப்பாவின் தலையை நிமிர்த்திப் பிடித்து, புரையேறாமல் கரண்டி கரண்டியாக ஊட்டுவாள். அந்த முறையீட்டையும் ஊட்டிய கையையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவள் அன்றாடம் பண்ணிய ஜெபத்திலேயே உண்மையான ஜெபம் அதுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலர் தண்டிக்கப்பட்டார்களே என்று யாராவது உங்களிடம் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் தங்கள் கூடாரங்களுக்குள் உட்கார்ந்து முறுமுறுத்தார்கள். வேறு ஒரு தலைவனை வைத்துக்கொண்டு எகிப்துக்கே திரும்பிவிடலாம் என்று பேசினார்கள். அதே வனாந்தரத்தில், அவர்களை எகிப்திலிருந்து நடத்தி வந்த மோசேயும் புலம்பினார், ஆனால் கடவுளிடமே புலம்பினார். எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தை இன்றைக்கே எடுத்து வாசியுங்கள், உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். பால்குடிக் குழந்தையைத் தகப்பன் சுமப்பதுபோல இந்த ஜனங்களை எல்லாம் நான் ஒருவனே சுமக்க வேண்டுமா, இவர்களை நானா பெற்றேன், இப்படியே விடுவதானால் என்னை இப்போதே கொன்றுபோடும் என்கிறார். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பொறுமையாயிரு என்றும் சொல்லவில்லை. மூப்பர்களில் 70 பேரைக் கூட்டிக்கொண்டு வா, நீ ஒருவன் மாத்திரம் சுமக்காமல் அவர்களும் உன்னோடுகூடச் சுமக்கட்டும் என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடமும் கூலியைப் பிடித்துவைத்துக்கொள்கிற முதலாளியிடமும் அடிபட்டவர்களை "பொறுமையாக இரு" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவைப்பதற்கு இந்த வசனங்களைப் பயன்படுத்துகிறார்களே, அது பெரிய அநியாயம். யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தில் பொறுமையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, வயலை அறுத்தவர்களின் கூலியைக் கொடுக்காத ஐசுவரியவான்களைக் காய்ச்சி எடுக்கிறார். மறு கன்னத்தைக் காட்டு என்று சொன்ன இயேசுவே, விசாரணையில் ஒரு சேவகன் அறைந்தபோது, என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஜெபிக்க வார்த்தை வராத ராத்திரிகளில் 88-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, இருட்டிலேயே முடிகிறது. அதையும் ஜெபமாகத்தான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். அப்புறம், அடுத்த தடவை யாராவது "யோபு மாதிரி" என்று ஆரம்பித்தால், அந்த நண்பர்கள் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் யோபுவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்ததை நினைவுபடுத்துங்கள். அது நல்ல காரியம். "அக்கா, வாரத்துல ஒரு மத்தியானம் நீங்க வந்து அம்மா பக்கத்துல இருங்க, நான் ரெண்டு மணி நேரம் தூங்கிக்கிறேன்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அம்மாவை எப்படிப் புரட்டுவது என்று முதல் நாள் நீங்களே கூட இருந்து காட்டிக்கொடுங்கள்; ஒரு கை தோளிலும் ஒரு கை இடுப்பிலும் இருக்க வேண்டும், கையைப் பிடித்து இழுக்கக் கூடாது.