'டாங்கெ'ன்னு சொன்னா காபி வராதுங்க!

கேள்வி: வணக்கமுங்ணா. கரூர்ல பெட்ஷீட், கிச்சன் டவல் பண்ற சின்ன யூனிட் எங்களோடது. இத்தனை வருஷம் ஏஜென்ட் மூலமாத்தான் ஜெர்மனிக்கு சரக்கு போச்சு, வர்ற ஜனவரி ஃப்ராங்க்ஃபர்ட் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்கு நானே போறேனுங்க. ஜெர்மன்ல ஒரு எழுத்து தெரியாது. இருக்கிற ரெண்டு மாசத்துல என்னத்தைப் படிச்சுட்டுப் போறது? (பேர் போட வேண்டாம், கரூர்)

பதில்: ரெண்டு மாசத்துல ஜெர்மன் பேசிடலாம்னு எவனாச்சும் சொன்னா காசு கட்டிடாதீங்க. அங்க வியாபாரப் பேச்சு இங்கிலீஷ்லயே ஓடிடும், ஜெர்மன் தேவைப்படுறது முதல் ரெண்டு நிமிஷத்துக்குத்தான். ஸ்டாலுக்கு யாராச்சும் வந்தா எழுந்து நின்னு, கண்ணைப் பாத்து கை குடுத்து 'கூட்டன் டாக்' (வணக்கம்) சொல்லுங்க. ஆம்பளைன்னா 'ஹெர்', பொம்பளைன்னா 'ஃப்ராவ்', அதோட குடும்பப் பேரு. கார்டுல டாக்டர்னு இருந்தா அதையும் சேத்து 'ஃப்ராவ் டாக்டர்'னு கூப்பிடுங்க. ஊசி போடற டாக்டர் இல்லீங்க, பிஎச்டி. அங்க அதை பாஸ்போர்ட்லயே போட்டுக்கலாம், அவ்ளோ மதிப்பு.

நீ, நீங்க விஷயத்துல இங்கிலீஷ்காரனைவிட நமக்கு ஈஸி. 'டூ'ன்னா நீ, 'ஸீ'ன்னா நீங்க. நம்மூர்ல பழகப் பழக 'நீங்க' எப்போ 'நீ' ஆச்சுன்னே தெரியாது, அங்க வயசுல பெரியவரோ மேலதிகாரியோ 'இனிமே டூ சொல்லிக்கலாமா'ன்னு வாயைத் தொறந்து கேப்பாங்க, அதுவரைக்கும் ஸீதான். சில புது கம்பெனில முதல் நாளே டூ போடுவாங்க, அவங்க ஆரம்பிச்சா நீங்களும் போடுங்க, நீங்களா ஆரம்பிக்காதீங்க.

அப்புறம் இந்த 'டாங்கெ'. நன்றின்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா 'காபி சாப்பிடறீங்களா'ன்னு கேக்கும்போது வெறும் டாங்கெ சொன்னா 'வேண்டாம், நன்றி'ன்னுதான் எடுத்துப்பாங்க. நான் முதல் தடவை போனப்போ ஒரு பையர் ஆபீஸ்ல ரொம்ப நாகரிகமா சிரிச்சுக்கிட்டே டாங்கெ சொன்னேன், தலையை வேற நம்ம ஸ்டைல்ல ரெண்டு பக்கமும் ஆட்டித் தொலைச்சேன், அந்தம்மா ஃப்ளாஸ்க்கை அப்படியே அடுத்த ஆள் பக்கம் நகத்திட்டாங்க. வெளியே பனி கொட்டுது, எனக்கு அந்த வாசனை மட்டும்தான். 'அட அரை டம்ளராச்சும் குடிங்க'ன்னு ரெண்டாவது தடவை உபசாரம் பண்ற பழக்கம் அங்க இல்ல. வேணும்னா 'யா, பிட்டெ'ன்னு சொல்லி வாங்கிக் குடிங்க.

அதே ட்ரிப்ல இன்னொண்ணு. சாயங்கால மீட்டிங்குக்கு 'ஹால்ப் ட்ரை'ன்னாங்க. ட்ரைன்னா மூணு, ஹால்ப்னா அரை, ஆக மூணரைன்னு கணக்கு போட்டு ஜம்முனு மூணு இருபத்தஞ்சுக்குப் போய் நின்னேன். அது மூணுக்கு அரை மணி குறைச்சல், அதாவது ரெண்டரைங்க! அஞ்சு நிமிஷம் லேட்டுன்னாலே போன் பண்ணிச் சொல்ற ஊர்ல நான் ஐம்பத்தஞ்சு நிமிஷம் லேட்டு. அவங்க ட்ரெயின் லேட்டா வர்றதைப் பத்தி அவங்களே புலம்புவாங்க, அதை நம்பி நீங்க லேட்டாப் போயிடாதீங்க.

நம்பரும் தலைகீழ். 45ஐ 'அஞ்சும் நாப்பதும்'னு சொல்லுவாங்க, காதுல விழுந்தபடி எழுதினா 54 ஆயிடும், விலைன்னா பேப்பர்ல எழுதிக் காட்டச் சொல்லுங்க. எழுதினாலும் கவனம் வேணும், நம்ம கமா அவங்களுக்குப் புள்ளி, நம்ம புள்ளி அவங்களுக்குக் கமா. 1.250 மீட்டர்னு எழுதியிருந்தா ஆயிரத்து இருநூத்தம்பது மீட்டர்.

உங்க தொழிலுக்குன்னு ரெண்டு வார்த்தை: பருத்திக்கு 'பௌம்வொல்லெ', நேரா சொன்னா மரக்கம்பளி! பெட்ஷீட் செட்டுக்கு 'பெட்வெஷெ'. அங்க தலகாணி உறை பழைய வழக்கமான சைஸ் 80க்கு 80 செமீ, சதுரமா பெருசா இருக்கும், போர்வை உறை 135க்கு 200. புருஷன் பொண்டாட்டின்னாலும் ஆளுக்கொரு போர்வைதான் நிறைய வீட்டுல, அதனால டபுள் சைஸ் ஏன் கேக்க மாட்டேங்கிறாங்கன்னு குழம்பாதீங்க.

கேள்வி: குழந்தைங்க டிரெஸ்ஸும் பொம்மையும் சேத்து ஒரு பாக்ஸ் பண்றோம், மேல பெருசா 'கிஃப்ட்'னு மட்டும் பிரிண்ட் பண்ணி அனுப்பலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: ஐயோ வேண்டாம். ஜெர்மன்ல 'கிஃப்ட்'னா விஷம். 'கெஷெங்க்'னு போடுங்க, அதுதான் பரிசு. இன்னும் ரெண்டு குழி இருக்கு: 'ஷெஃப்'னா அங்க சமையல்காரர் இல்ல, முதலாளி. 'ஹேண்டி'ன்னா செல்போன்.

கேள்வி: நான் கோவைல பம்ப் கம்பெனில எக்ஸ்போர்ட் பிரிவு. ஜெர்மன் கஸ்டமர் ஒருத்தர் மெயில்ல நலமான்னுகூட கேக்காம 'டிராயிங் தப்பு, திருத்தி அனுப்பவும்'னு ஒத்தை வரி போடறார். கோவமா இருக்காரா சார்? நான் எப்படி பதில் எழுதணும்?

பதில்: கோவமெல்லாம் இல்லம்மா, டிராயிங் தப்பு அவ்ளோதான். உங்களைத் திட்டலை, டிராயிங்கைத்தான் சொல்றார். நாம 'சார் சின்ன சந்தேகம் ஒண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க'ன்னு சுத்தி வளைச்சு வர்றது அவங்களுக்குப் புரியாது, எதையோ மறைக்கிறோம்னு நினைப்பாங்க. நிஜமாவே அவங்களை உசுப்பறது நம்ம 'நோ ப்ராப்ளம், பாத்துக்கலாம் சார்'தான். நமக்கு அது ஆறுதல் வார்த்தை, அவருக்கு அது ஒப்பந்தம், டயரில எழுதி வச்சுட்டு அந்தத் தேதில கேப்பார். முடியாதுன்னா இன்னைக்கே முடியாது, இந்தத் தேதில முடியும்னு எழுதுங்க, மதிப்பு கூடும்.

தேதின்னதும் ஞாபகம் வருது, டெலிவரி 'கே.டபிள்யூ 12'ன்னு போட்டிருந்தா கிலோவாட் இல்ல, பம்ப் கம்பெனில இது சிரிப்பா ஆயிடும். வருஷத்தோட 12வது வாரம்னு அர்த்தம். ஜனவரி 4 எந்த வாரத்துல வருதோ அது ஒண்ணாவது வாரம், திங்கட்கிழமைல ஆரம்பம்.

மெயிலை ஆம்பளைக்கு 'ஸேர் கேஏர்டர் ஹெர்', பொம்பளைக்கு 'ஸேர் கேஏர்டெ ஃப்ராவ்'னு (மதிப்பிற்குரியன்னு அர்த்தம், பின்னாடி குடும்பப் பேரு) ஆரம்பிச்சு 'மிட் ஃப்ராய்ண்ட்லிஷன் க்ரூஸன்'னு (அன்பான வணக்கங்களுடன்) முடிங்க, நடுவுல இங்கிலீஷே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை போன் மட்டும் வேண்டவே வேண்டாம். தொடர்ந்து கத்துக்கணும்னா கோவைலயே ஜெர்மன் சொல்லித் தர்ற கோத்தே சென்ட்ரும் இருக்கு, ஏ1ங்கற ஆரம்ப லெவல்ல ஆரம்பிங்க.

கேள்வி: ஜெர்மன்காரங்க எங்கப்பா பேரைச் சொல்லியே என்னைக் கூப்பிடறாங்க, என்ன பண்றது? (வாசகர், சென்னை)

பதில்: பாஸ்போர்ட்ல குடும்பப் பேரு கட்டத்துல அப்பா பேரை எழுதினீங்க இல்ல, அதான். அவங்க மரியாதையா 'ஹெர் முருகேசன்'னு கூப்பிடுவாங்க, நீங்க அப்பா பின்னாடி நிக்கிறாரோன்னு திரும்பிப் பாப்பீங்க. விசிட்டிங் கார்டுல உங்க பேரை கடைசில போட்டு இனிஷியலை முன்னாடி வையுங்க, ஓரளவு சரியாகும். ஆனா ஹோட்டல் ரிசர்வேஷன், இன்விடேஷன் லெட்டர் எல்லாம் பாஸ்போர்ட்ல இருக்கிறபடிதான் வரும், அங்க மட்டும் யாராச்சும் முருகேசன்னா கையைத் தூக்கிடுங்க.