மியூஸ்கோரில் நோட்ஸ் தானாக மாறுகிறதா?

பொள்ளாச்சி நண்பருக்கு வணக்கமுங்க. இசைக்குறி எழுதும் மென்பொருளான மியூஸ்கோரில் எழுதியதை, பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ வைத்துப் படித்துப் பார்த்தால் நோட்ஸ் (சுரங்கள்) தானாக மாறிவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். மென்பொருளில் கோளாறு இல்லைங்க. வேர்டில் வரி மாறுவதுபோல மேல், கீழ் அம்புகளை அழுத்தியிருப்பீர்கள். இங்கே அவை நீங்கள் நிற்கும் நோட்டை அரைச்சுரம் ஏற்றும், இறக்கும். எனக்கும் பார்வை கிடையாது. கோபியில் ஒரு கச்சேரிக்கு எழுதிய பாட்டை இப்படித்தான் கெடுத்து வைத்தேன். ட்ரம்பெட்காரர் ஊதின பிறகுதான் தெரிந்தது!

சரி, கண்ட்ரோல் ஹோம் அழுத்தி ஆரம்பத்துக்குப் போங்கள். இட, வல அம்புகளால் மட்டும் நகருங்கள். வல அம்போடு ஆல்ட்டையும் சேர்த்தால் கிளெஃப் (வரிகளின் சுரத்தைக் காட்டும் தொடக்கக் குறி), தாளக்குறி என ஒன்று விடாமல் சொல்லும். கார்டுக்குள் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஒவ்வொரு நோட்டாகக் கேட்க, ஆல்ட்டோடு மேல், கீழ் அம்பு. ஆல்ட்டை விட்டுவிட்டால் பழைய கதைதான். உடனே கண்ட்ரோல் இசட்.

எழுதுவதற்கு ‘என்’ விசை. 5 என்றால் கால் நோட், 4 அரைக்கால். அப்புறம் ஏ முதல் ஜி வரை எழுத்துகள். சி என்பது நம்மூர் சுருதிக் கணக்கில் ஒரு கட்டை.

பிரெயில் இசைக்குறி தெரியுமுங்களா? 4.1 பதிப்பிலிருந்து அதற்கும் தனிப் பலகம் இருக்கிறது. உங்களுடையது எந்தப் பதிப்பு என்று சொல்லுங்கள்.