பழைய கதவைச் சுரண்டுபவருக்கு வயிற்றுவலி

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழைய மரச்சாமான் பட்டறையில் வேலை பார்க்கிறேன். வயது 36. ரிமூவர் தடவிப் பழைய பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். சாயங்காலமானால் தலைவலி, கிறுகிறுப்பு. சில மாதங்களாக வயிறு முறுக்கிப் பிடிக்கிறது, மலச்சிக்கல், அசதி. அல்சர் மாத்திரைக்குக் கேட்கவில்லை. பாலும் வெல்லமும் சாப்பிட்டால் விஷம் முறியும் என்கிறார்களே, உண்மையா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

பதில்: தலைவலியையும் வயிற்றுவலியையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். முதலாவதற்கு ரிமூவர் காரணமாக இருக்கலாம். இரண்டாவதற்குப் பழைய பெயிண்டில் உள்ள ஈயத்தைத்தான் சந்தேகப்படுகிறேன்.

பெயிண்ட் ரிமூவர்கள் பலவற்றில் மெத்திலீன் குளோரைடு இருக்கும், டப்பாவைப் பாருங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குனிந்து கட்டில் காலைச் சுரண்டுபவரின் மூக்கு அங்கேதானே இருக்கிறது! உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறி, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் இதய நோய் உள்ள யாரும் அந்தப் பட்டறைக்குள் உதவிக்குக்கூட வரக் கூடாது. மூடிய அறையில் இதை வைத்து வேலை செய்து இறந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் இந்த ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்க 2019இல் தடையே போட்டார்கள். மூக்கில் கட்டும் கர்ச்சீப் ஆவியைத் தடுக்காது, தூசி மாஸ்க்கும் தடுக்காது. இந்த வேலையைத் திறந்த வெளிக்கு மாற்றச் சொல்லி முதலாளியிடம் பேசுங்கள்.

ஈயம் வேறு மாதிரி. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கும் கதவுக்கும் நிலைக்கும் தாத்தா காலத்தில் அடித்த பெயிண்டில் எவ்வளவு இருந்தாலும் ஆச்சரியமில்லை. காய்ந்த மரத்தை உப்புத்தாளால் தேய்க்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குப் போகிறது, கையிலிருந்து டீக்கும் வடைக்கும் போகிறது, அப்புறம் எலும்பில் போய் உட்கார்ந்தால் பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். வயிற்றை முறுக்கும் வலி, மலச்சிக்கல், ரத்தசோகையால் அசதி, மூன்றும் சேர்ந்து வந்தால் அல்சர் என்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கக் கூடாது. ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கூடவே ஹீமோகுளோபினும்.

உங்களைவிட எனக்குக் குழந்தையைப் பற்றித்தான் கவலை. வேலைச் சட்டையோடு தூக்கிக் கொஞ்சுவீர்கள் இல்லையா? பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும், அது வளரும் மூளையைத் தாக்கும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. குழந்தைக்கும் பரிசோதனை செய்யுங்கள், மனைவி கர்ப்பமாக இருந்தால் அவருக்கும். பட்டறையிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். மரத்தை ஈரமாக்கித் தேய்த்தால் தூள் பறப்பது குறையும். பெயிண்டை நெருப்பில் வாட்டி மட்டும் எடுக்காதீர்கள், புகையோடு ஈயமும் வரும்.

பால், வெல்லம்? சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகம் இழுக்கும், அந்த அளவில் பால், கீரை, முட்டை நல்லதுதான். உள்ளே போனதை வெல்லம் வெளியேற்றாது. அளவு மிக அதிகமாக இருந்தால் ஈயத்தைப் பிரித்து வெளியேற்ற மருந்து இருக்கிறது, அதை மருத்துவமனையில் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும், ஆன்லைனில் விற்கும் 'டீடாக்ஸ்' பொடியை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கினாலோ, வலிப்பு, குழப்பம் வந்தாலோ ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.