தபால் மூட்டையோடு பறந்தவர்

கேள்வி: 'குட்டி இளவரசன்' கதையை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் செந்த்-எக்சுபெரி பிரபு வீட்டுப் பிள்ளை, எழுத்துதான் தொழில், விமானம் வெறும் பொழுதுபோக்கு என்கிறார் என் நண்பர். சரியா?

பதில்: இல்லை. உங்கள் நண்பர் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். பிரபு குடும்பம் என்பது மட்டும் உண்மை. நாலு வயது நிறைவதற்குள் அப்பா இறந்துவிட்டார். வளர்ந்தபின் லாரி விற்கும் வேலைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தார். விற்றது ஒரே ஒரு லாரி. 1926இல் பிரான்சின் துலூஸ் நகரில் ஒரு தபால் விமானக் கம்பெனியில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த முதல் வேலை, பட்டறையில் எஞ்சின் பாகங்களைக் கழுவுவது. அப்புறம்தான் தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேற்கு ஆப்பிரிக்காவின் டாக்கர் வரை பறந்தார். மாதச் சம்பளத்துக்குச் செய்த வேலை அது. இதையா பொழுதுபோக்கு என்பது?

அவருடைய 'இரவுப் பறப்பு' (1931) நாவலைப் படித்தால் இது விளங்கும். பகலில் விமானம் ரயிலையும் கப்பலையும் முந்திவிடும். பொழுது சாய்ந்ததும் தரையிறங்கி நின்றால், முந்திய தூரமெல்லாம் விடிவதற்குள் கைநழுவிப் போகும். அதனால் ராத்திரியும் பறந்தாக வேண்டும். நாலு கடிதம் சீக்கிரம் போய்ச் சேர ஒரு உயிரைப் பணயம் வைக்கலாமா? அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் தபால் விமானப் பிரிவின் பொறுப்பில் இருந்து, தானே ஆட்களை வானத்துக்கு அனுப்பிய செந்த்-எக்சுபெரி கேட்ட கேள்வி இது. அதனால்தான் அந்த நாவலில் புயல் இத்தனை நிஜமாக இருக்கிறது.

1935 டிசம்பர் 30 அதிகாலை, பாரிஸிலிருந்து வியட்நாமின் சைகோன் போகும் வழியில் அவருடைய விமானம் லிபியப் பாலைவனத்தில் மோதி விழுந்தது. கூட இருந்தவர் மெக்கானிக் பிரெவோ. கையில் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் ஒயின், ஓர் ஆரஞ்சுப் பழம். அதெல்லாம் தீர்ந்ததும் பாராசூட் துணியை மணலில் விரித்துப் பனியைப் பிடித்தார்கள். பிழிந்து குடித்த தண்ணீர் அப்படியே வாந்தியாக வெளியே வந்தது. இனி முடியாது என்ற நிலையில் ஒட்டகத்தோடு வந்த ஒரு பெதுயின் (பாலைவன நாடோடி) காப்பாற்றினார். குட்டி இளவரசனைச் சந்திக்கும் விமானியிடம் எட்டு நாளைக்குத்தான் தண்ணீர் இருக்கிறது என்று படிக்கிறோமே, அந்தத் தாகம் அவர் தொண்டை அறிந்தது.

1944, இரண்டாம் உலகப் போர்க்காலம். அவருக்கு வயது 44. பழைய விபத்துக் காயங்களால், பறக்கும் உடையைக்கூடத் தானாக மாட்டிக்கொள்ள முடியாத உடம்பு. மேலதிகாரிகளிடம் மன்றாடித்தான் மறுபடி பறந்தார். ஜூலை 31 அன்று மத்தியதரைக் கடலின் கோர்சிகா தீவிலிருந்து ஆயுதமில்லாத வேவு விமானத்தில் கிளம்பியவர் திரும்பவில்லை. 1998இல் பிரான்சின் மார்சேய் துறைமுகம் அருகே ஒரு மீனவரின் வலையில் வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்று சிக்கியது. அதில் அவர் பெயரும் மனைவி கொன்சுவேலோவின் பெயரும் பொறித்திருந்தன. கூடவே, நியூயார்க்கில் அவர் புத்தகங்களைப் போட்ட பதிப்பகத்தின் முகவரியும்.