தாத்தாவோட ட்ரங்க் பெட்டி – கடிதம்

அண்ணே, வணக்கம். எங்க தாத்தா அந்தக் கால காங்கிரஸ்காரர், பதவியெல்லாம் இல்ல, தாலுகா அளவுல அலைஞ்சவர். அவர் ட்ரங்க் பெட்டில கட்டுக்கட்டா லெட்டரு, நோட்டீஸு, மாநாட்டு குரூப் போட்டோ இருக்கு. வீட்டை இடிக்கப்போறோம். பெரிய தலைவருங்க கையெழுத்து இருக்கறத மட்டும் ஸ்கேன் பண்ணிட்டு மீதிய எடைக்குப் போட்டுடலாம்ங்கறார் மாமா. போடலாமா?

தம்பி, தயவுசெஞ்சு போடாதீங்க.

ஒருத்தர் எழுதின லெட்டர் அவர் வீட்ல இருக்காது, வாங்கினவங்க வீட்லதான் இருக்கும், தலைவருங்களுக்கும் இதேதான். காந்தி எழுத்து 100 தொகுதியா வந்துச்சே, 1956ல ஆரம்பிச்சு 1994லதான் முடிஞ்சுது, அதுல எவ்வளவோ லெட்டரும் போஸ்ட்கார்டும் சாதாரண ஆளுங்க பத்திரமா வெச்சிருந்ததாலதான் கெடச்சுது. அந்த வேலைக்கு ரொம்ப வருஷம் தலைமை எடிட்டரா இருந்த கே. சுவாமிநாதன் நம்ம புதுக்கோட்டைக்காரர்.

எது முக்கியம்னு மாமாவோ நானோ இன்னிக்கு சொல்லிட முடியாது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புஸ்தகத்தோட நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு எல்லாத்தையும் சேர்த்தார், 1992ல அவர் போனப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அத வாங்கி சென்னைக்குக் கொண்டுவந்து அவர் பேர்லயே நூலகமா வெச்சுது, இப்ப தரமணில இருக்கற அந்த நூலகத்துல ஆராய்ச்சி பண்றவங்க அந்த நோட்டீஸையெல்லாம் தேடி வந்து பாக்கறாங்க.

தாத்தா கட்டின கட்ட அப்படியே விடுங்க, எந்த லெட்டரோட எந்த ரசீது இருந்துச்சுங்கறதுலயே பாதி கதை இருக்கு. கவரையும் தூக்கிப் போடாதீங்க, தேதி போடாத லெட்டருக்கு தபால் முத்திரைதான் தேதி. லேமினேஷன் வேண்டவே வேண்டாம், செல்லோ டேப்பும் கூடாது, துருப்பிடிச்ச குண்டூசிய மட்டும் மெதுவா எடுத்துடுங்க. ஸ்கேன் பண்ணுங்க, நல்லதுதான், ஆனா எல்லாத்தையும் பண்ணுங்க, பின்பக்கமும் சேத்து. அதுக்காக அசல தூக்கிப் போட்டா நாளைக்கு ஹார்ட் டிஸ்க் போச்சுன்னா ரெண்டுமே போச்சு.

எல்லாத்தையும் விட அவசரம் அந்த குரூப் போட்டோதான். தாத்தா காலத்து ஆளுங்க ஊர்ல யாராவது இருந்தா இந்த வாரமே போய் யார் யாருன்னு கேட்டு, போட்டோ பின்னாடி பென்சில்ல அழுத்தாம எழுதி வைங்க, பேனா வேண்டாம். பேர் தெரியாத போட்டோவ வெச்சுக்கிட்டு ஆராய்ச்சிக்காரங்க தவிக்கறத நிறைய பாத்திருக்கேன், மனசு ஆறாது.

குடுக்கறதா முடிவு பண்ணா ரோஜா முத்தையா நூலகத்துல கேளுங்க, டெல்லி தீன்மூர்த்தி நூலகமும் (முன்ன நேரு நினைவு நூலகம், இப்ப பிரதமர்கள் அருங்காட்சியகம், நூலகம்னு பேரு) இந்த மாதிரி தனிநபர் காகிதங்கள வாங்கி வெக்கற இடம்தான், ராஜாஜி காகிதமெல்லாம் அங்க இருக்கு. குடுக்கும்போது லிஸ்ட் போட்டு கையெழுத்து வாங்கிக்கங்க.

மாமா நம்பர மெயில்ல அனுப்புங்க, நானே பேசறேன்.